துரைக்குழி ஊற்றும் ஒரு வளைகாப்பும்

ஒரு பெட்டியில் கண்ணாடி வளையல்களையும் மற்றொன்றில் நஞ்சறியும் தாள்களையும் எடுத்துக்கொண்டு மலேசிய மண்ணில் இறங்கினேன். வானூர்தி நிலையத்துச் சுங்க அலுவலர் முதற்பெட்டியைத் திறந்து புன்னகை பூத்தார். இரண்டாம் பெட்டியைத் திறந்ததும் அப்புன்னகை அகன்றது.

"இந்தத் தூள் எதற்கு?" என்று ஆங்கிலத்தில் வினவினார்.

"குடிநீரில் ஆர்செனிக் கலந்துள்ளதா என்று அறிவதற்கு."

"எங்கள் தண்ணீரிலா?"

என் விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. நெடுநேரம் கலந்து பேசியபின், அமிலத்தூள் பொட்டலங்களுள் மூன்றை மட்டும் என்னிடம் தந்து, ஏனையவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். மூன்று பொட்டலம் என்றால் மூன்று ஆய்வு. அதற்குமேல் ஒரு துளியும் இல்லை.

என் பயணத்தின் நோக்கம் இரண்டு. தங்கை மகன் இளவழகன் ஈப்போ நகரில் பொறியாளன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கலைவாணியை மணந்தவன். அவளுக்கு இப்போது ஏழாம் திங்கள். என் தங்கை மறைந்துவிட்டபடியால், மாப்பிள்ளை வீட்டார் சார்பில் வளையல் கொண்டுசெல்லும் கடமை தாய்மாமனாகிய எனக்கு வந்தது. தோட்டத்திலேயே வளைகாப்பு; அது முடிந்தபின் பிள்ளைப்பேறு வரை கலைவாணி தாய்வீட்டில் தங்குவாள். இஃது ஊரறிந்த நோக்கம்.

மற்றொன்று எனக்கும் இளவழகனுக்கும் மட்டுமே தெரிந்தது. சில திங்களுக்கு முன் அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் மாமியார் சரசுவதியின் உள்ளங்கை, அதில் சோளமணிகளைப் பதித்தாற்போலக் கெட்டித்த தடிப்புகள். "மாமா, இது அத்தை கை. எப்பவும் கையுறை போட்டுத்தான் பரிமாறுவாங்க. தூங்கும்போது பாத்து எடுத்தேன். தப்புதான். ஆனா பயமா இருக்கு" என்று எழுதியிருந்தான். வேதியியல் கற்பித்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். இளமையில் கருநாடகத்துப் பொன்வயல் ஒன்றின் கழிவுமண் மேடுகளை ஆராய்ந்த காலத்தில், அதனடியில் வாழ்ந்தோர் சிலரிடம் இத்தகைய கைகளைக் கண்டதுண்டு.

மலையடிவார ஊரான தாப்பாவில் மலையேறும் பேருந்து பழுதாகி நின்றது. மரக்கறிக் கூடைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியொன்றை நிறுத்திப் போகுமிடத்தைச் சொல்லி, "இச்சரக்குந்தில் எனக்கோர் இடம் கிட்டுமா?" என்றேன்.

ஓட்டுநர் சேகர் என்னை மேலும் கீழும் நோக்கினார். "லோரியத்தானே கேக்குறீங்க? ஏறுங்க ஐயா. ரேடியோவுல செய்தி வாசிக்கறவரு மாதிரியே பேசுறீங்கலா." பேச்சின் இறுதியில் 'லா' ஒட்டுவது அந்நாட்டு வழக்கு.

பாதி வழியில் மண்சரிவு. ஒருபக்கம் வண்டிகளை விட்டு மறுபக்கம் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அவித்த சோளம் வாங்கித் தின்றபடி, அறுபட்ட மலையின் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வேதாரணியத்தில் மண்ணைப் பார்க்கவேண்டுமாயின் குனிய வேண்டும். இங்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. செம்மண்ணின் இடையே வெண்ணிறப் படிகக்கல் இழையொன்று ஓடியது. பொன் தேடுவோர் பின்தொடர்ந்து செல்வது அத்தகைய இழையைத்தான்.

"இம்மலையில் யாரேனும் பொன் தோண்டியதுண்டா?"

"எங்க தாத்தா காலத்துல துரைங்க தோண்டுனாங்களாம். தங்கம் கெடைக்கல, குழிதான் கெடைச்சுச்சு" என்று சேகர் சிரித்தார். "நீங்க போற சரசக்கா லயத்துக்குப் பின்னாலதான் இருக்கு, துரைக்குழின்னு. அதுலேர்ந்து வர்ற தண்ணி இருக்கே, ஐஸ் மாதிரி. இந்த மலையிலயே அதான் நல்ல தண்ணி."

சோளம் என் வாயில் சுவையிழந்தது.

லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். ரிங்லெட் என்னும் சிற்றூருக்கு மேலே, தேயிலைச் சரிவின் மடியில் அவை இருந்தன. கலைவாணியின் தாய் சரசுவதி வாசலுக்கே வந்து வரவேற்றார். கணவரை இழந்தவர், கொழுந்து வெட்டும் பெண்களுக்குத் தலைவி, குரலுக்கு மலையே எதிரொலிக்கும். கைகளில் மஞ்சள்நிற இரப்பர் உறைகள்.

"வாங்கண்ணே, வாங்க! பசியாறிட்டு வந்தீங்களா, இல்ல மாப்பிள்ள பட்டினியாவே அனுப்பிட்டாரா?"

தேநீர் வந்தது. "உங்களுக்குன்னே நல்லாச் சுண்டக் காய்ச்சின தண்ணி. குழாய்த் தண்ணிய நான் வாயிலயே வைக்கமாட்டேன். தோட்டத்துல மருந்து கலந்து விடுறான், ஒரே வாடை" என்றார். முதல்நாளே சம்பந்தி வீட்டுத் தேநீரை மறுப்பது சம்பந்தத்தையே மறுப்பதாகும். ஒரு கோப்பையால் உடனே தீங்கு விளையாது. நாள்தோறும் பருகுவதே கேடு. குடித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அத்துணை நறுஞ்சுவைத் தேநீரை நான் அதுகாறும் பருகியதில்லை. ஆர்செனிக்குக்குச் சுவையுமில்லை, மணமுமில்லை, நிறமுமில்லை.

மறுநாட்காலை, மலையைச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்றேன். சரசுவதி அம்மையாரே அழைத்துச் சென்றார். லயத்தின் பின்புறம் பாறையில் ஆள் குனிந்து நுழையுமளவு குகைவாய். அதிலிருந்து தெளிந்த நீர் கசிந்தோடியது. அதன் வழியெங்கும் துருச்செம்மை படிந்திருந்தது. வாயிலில் பல இரப்பர்க் குழாய்களைச் செருகி வீடுகளுக்கு இழுத்திருந்தனர். அருகில் தோண்டியெடுத்த கற்குவியல்.

வெள்ளிபோல் மின்னிய கல்லொன்றை எடுத்துச் சுத்தியலால் அடித்தேன். பூண்டு மணம் எழுந்தது.

"அட, பூண்டு வாசம்! ரசத்துக்குத் தட்டிப் போடலாம்போல இருக்கே" என்றார் அம்மையார்.

அதுவே அடையாளம். பொன்னிருக்கும் பாறைகளில் இந்தக் கனிமமும் உடனிருப்பது பெருவழக்கு. இரும்பும் கந்தகமும் ஆர்செனிக்கும் ஒன்றாய்ப் பிணைந்த கல் இது. மலைக்குள் மூடுண்டு கிடக்கும்வரை ஒருவருக்கும் தீங்கில்லை. தோண்டி, காற்றும் மழையும் புகவிட்டால் கரையத் தொடங்கும். பொன்னைத் தேடியவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் திறந்துவைத்த வாய் மட்டும் மூடவில்லை. நம் சித்த மருத்துவர் வெள்ளைப் பாடாணம் என்று அஞ்சிக் கையாண்ட பொருளின் தாய்க்கல், அப்பெண்மணியின் காலடியில் கிடந்தது.

முதற்பொட்டலத்தைப் பிரித்தேன். குப்பியில் ஊற்றுநீரை நிரப்பித் தூளிட்டு, மூடியில் தாளைப் பொருத்திக் காத்திருந்தோம். வெண்தாள் மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாயிற்று.

அவ்வழியே களைவெட்டும் கருவியுடன் வந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் நின்று பார்த்தார். ரஃபீக் என்பது அவர் பெயர். தாளைக் கண்டதும் மலாய் மொழியில் ஏதோ விரைந்து சொன்னார். சரசுவதி அம்மையாரின் முகம் இறுகியது.

"என்ன சொல்கிறார்?"

"அவங்க ஊர்லயும் இப்படித்தான் பேப்பர் வச்சுப் பாப்பாங்களாம். இந்தக் கலர் வந்தா அடிபம்புக்குச் செவப்புப் பெயிண்டு அடிச்சிருவாங்களாம். யாரும் குடிக்கமாட்டாங்களாம்."

ரஃபீக் தம் உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் புள்ளிகள் வைத்துக் காட்டி, மேலும் ஏதோ சொன்னார். அம்மையார் அதை மொழிபெயர்க்கவில்லை. உறையிட்ட கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் இடி இறங்கியது.

"அண்ணே, நேராவே கேக்குறேன். பொண்ணத் தாய்வீட்டுக்கு அனுப்ப உங்களுக்கு இஷ்டமில்ல. அத வாயால சொல்ல முடியாம, என் வீட்டுத் தண்ணி மேல பழி போடுறீங்க. அப்படித்தானே?"

"அவ்வாறில்லை, அம்மா. இந்நீரில்..."

"நான் பொறந்ததுலேர்ந்து குடிக்கிற தண்ணி! எம்மவள இந்தத் தண்ணி குடிச்சுத்தான் பெத்தேன். அப்பல்லாம் ஒண்ணுமில்லாம, சம்பந்தி கால் வச்சதும் விஷமாயிருச்சா?"

"நஞ்சு மெல்ல மெல்லச் சேர்வது. கருவிலிருக்கும் குழந்தைக்கு..."

"பச்சத்தண்ணியச் சோதிச்சா அப்படித்தான் காட்டும். நான் காய்ச்சாமக் குடிக்கிறேனா? கிளினிக்கு மிஸ்ஸி, அந்த நர்சு, ஒருவாட்டி காய்ச்சிக் குடின்னு சொன்னதுலேர்ந்து, ஒரு பானைய அரைப்பானையாச் சுண்ட வச்சுத்தான் குடிக்கிறேன். கஷாயம் மாதிரி. இந்த லயத்துல யாரு வீட்டுலயும் அவ்வளவு சுத்தமில்ல!"

காய்ச்சினால் மாள்வன நுண்ணுயிர்கள், ஆர்செனிக் மாளாது. நீர்தான் ஆவியாய்ப் போகும்; நஞ்சு பானையிலேயே தங்கி, சுண்டச் சுண்டச் செறியும். லயத்திலேயே மிகுந்த தூய்மை பேணியவர் எவரோ, அவரே மிகுந்த நஞ்சைப் பருகி வந்திருக்கிறார். இதை விளக்கினேன். உப்பளத்தை எடுத்துக்காட்டினேன், வெயில் காய்ச்சக் காய்ச்சப் போவது நீர், எஞ்சுவது உப்பு என்றேன். உப்பளத்தைக் கண்டிராத மலைமகளுக்கு அஃது எடுபடவில்லை. "பொட்டிய வேணா எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. வளையலை மட்டும் வச்சுட்டுப் போங்க" என்று உள்ளே போய்விட்டார்.

நான் கிளம்பவில்லை. அன்று வாசலிலிருந்த குழாய்நீரைப் பிடித்துக் குடித்தேன். மருந்து வாடை வீசத்தான் செய்தது. இரண்டாம் பொட்டலத்தை அதற்கே செலவிட்டேன். தாள் வெள்ளையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் நண்பகலிலும் வழக்கு தொடர்ந்தது. ஆயினும் விருந்தோம்பல் நிற்கவில்லை. நெத்திலிச் சம்பலை நான் ஒதுக்குவதைக் கண்டு, "சைவமா? முன்னயே சொல்றதில்லையா? விஷத்துக்கு மட்டும் வாய் நீளுது" என்று கடிந்தபடியே எனக்கெனக் கீரை வதக்கினார். மேற்பார்வையாளர் முனியாண்டி அப்போது வந்து சேர்ந்தார். அவரை எல்லாரும் மண்டோர் என்றே அழைத்தனர். கோயில் தலைவரும் அவரே.

"ஐயா, குழித்தண்ணில விஷம்னு சொன்னீங்களாமே. எனக்குக் கவலையில்ல. நான் அந்தத் தண்ணியத் தொடுறதே இல்ல. எனக்கு வேற தண்ணி."

"அந்தத் தண்ணிதான் உன் ஈரலத் திங்குதே, அதச் சோதிக்கச் சொல்லு மொதல்ல" என்றார் அம்மையார். பிறகு என் பக்கம் திரும்பினார். நானும் விடவில்லை. சொல்லுக்குச் சொல் நீண்டது. அடுப்பில் ரசம் இருப்பதை எல்லாரும் மறந்துபோனோம்.

நினைவு வந்து ஓடியவர், கரண்டியால் மொண்டு நாவில் வைத்தார். "ஐயோ, சுண்டிப்போச்சு. உப்பாக் கரிக்குது" என்று சொல்லியவாறே, விளாவுவதற்குச் செம்பை எடுத்தார்.

எடுத்தவர் ஊற்றவில்லை. ரசத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முனியாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையமர்த்தினேன்.

"அண்ணே." குரல் இறங்கியிருந்தது. "நான் உப்பக் கூடப் போடல. போட்டதுதான் இருக்கு."

"ஆம்."

"அந்தப் பேப்பர் இன்னும் மிச்சமிருக்கா?"

மூன்றாம் பொட்டலம் இருந்தது. மூலையிலிருந்த பானையின் சுண்டிய நீரை அவரே குப்பியில் ஊற்றினார். முந்தைய நாளின் இரண்டு தாள்களையும் அருகே வைத்தேன். புதிய தாள், ஊற்றுநீர்த் தாளையும் மிஞ்சிக் கருமை கொண்டது. அதன் அருகில் குழாய்நீரின் தாள், புதுத்துணிபோல் வெண்மையாய்க் கிடந்தது.

இந்தத் தாள் நிறத்தைச் சொல்லும், துல்லிய அளவைச் சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும், நீரைக் குப்பிகளில் அடைத்து இளவழகன் வழியே அனுப்புகிறேன் என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கையுறைகளை மெல்லக் கழற்றினார். படத்தில் கண்டதைவிட நேரில் கொடிதாயிருந்தது.

"இது பெருவியாதின்னு நெனச்சேண்ணே. வெளிய தெரிஞ்சா பிள்ளையத் தூக்க விடமாட்டாங்கன்னு மறைச்சேன்."

"இது தொற்றுநோய் அன்று. பேரக்குழந்தையை நீங்கள் தாராளமாக ஏந்தலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். இக்கை முன்போல் ஆகுமென்று என்னால் உறுதி கூறவியலாது. இனிக் கூடாமல் தடுக்கலாம்."

அவர் பானையைத் தூக்கி, பின்வாசல் சாக்கடையில் கவிழ்த்தார்.

பிற்பகலில் பிரிஞ்சாங் நகருக்குப் போனேன். ஸ்ட்ராபெரிப் பழம் விற்காத கடை அங்கு இல்லை. தலையணைகூட அப்பழத்தின் வடிவில் தொங்கியது. எனக்கு வேண்டிய செந்நிறம் ஓர் இரும்புக்கடையில் கிடைத்தது. ரஃபீக் உரைத்த முறையே சிறந்ததென்று துணிந்து, அன்று மாலையே துரைக்குழியின் முகப்புப் பாறையில், எந்நாட்டாரும் காணும்படி பெரிய செவ்வட்டம் ஒன்றைத் தீட்டினேன். நான்கு மொழி பேசுவோர் வாழும் தோட்டத்தில் நிறத்தைக் காட்டிலும் தெளிவான மொழியேது என்று எண்ணி நிறைவுடன் உறங்கினேன்.

நான்காம் நாள் காலை மணியோசை கேட்டு எழுந்து சென்றேன். செவ்வட்டத்தின் நடுவே மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. அடியில் எலுமிச்சம்பழம், செவ்வந்திப் பூ, எரிந்துகொண்டிருந்த கற்பூரம். பெண்கள் குடங்களுடன் வரிசையில் நின்றனர். முனியாண்டி நெற்றி நிறைய நீற்றுடன் தீர்த்தம் வழங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, சாமி வெளிப்பட்டிருச்சு! நேத்து வரைக்கும் வெறும் பாறை. காலையில பாத்தா செவசெவன்னு நிக்குறா ஆத்தா!"

ரஃபீக் தொலைவில் நின்று, என்னையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நாட்டில் செம்மை, தள்ளி நில் என்னும். நம்மவரிடம் ஒரு கல்லுக்குச் செம்மை பூசினால், அருகே வா என்று பொருள். தமிழனாய்ப் பிறந்து நெடுங்காலம் வாழ்ந்தும், இதை எண்ணிப் பாராமல் தூரிகை எடுத்தவன் நான்.

"அதை நான்தான் தீட்டினேன்!" என்று உரத்துச் சொன்னேன்.

"ஒங்க கையால ஆத்தா தீட்டிக்கிட்டா" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

சிரிப்பொலி கேட்டுத் திரும்பினேன். வேலைக்குப் புறப்பட்ட கோலத்தில் சரசுவதி அம்மையார், இடுப்பில் கைவைத்துக் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நல்ல வேல பாத்தீங்கலா! குடிக்காதவனையும் குடிக்க வச்சுட்டீங்க!" பிறகு சிரிப்பு நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாறையின் முன்னே போய் நின்றார். கையுறைகளைக் கழற்றித் தரையில் எறிந்தார். இரு கைகளையும் விரித்து உயர்த்தினார்.

"எல்லாரும் பாருங்கடி. நல்லாப் பாருங்க. இத்தன வருசமா ஒளிச்சு வச்ச கை. இந்தத் தண்ணி குடிச்சு வந்தது. சுண்டக் காய்ச்சிச் சுண்டக் காய்ச்சிக் குடிச்சேன், எனக்குத்தான் கூடத் தந்துச்சு."

முனியாண்டியின் கையிலிருந்த தீர்த்தச் செம்பு தாழ்ந்தது.

"நாளைக்கு எம்மவ வயித்துப்பிள்ளையோட வர்றா. உங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு. சாமி இல்லன்னு நான் சொல்லல. கும்பிடுங்க, குடிக்காதீங்க."

"சாமி தண்ணிய வேணாங்கிறியே சரசு, குத்தமாயிராதா?" என்றார் முனியாண்டி.

"நீதான் தொடுறதே இல்லையே மண்டோரு, ஒனக்கென்ன குத்தம் வந்துச்சு? கள்ளுக்கட சாமி காப்பாத்துதா?"

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவர் தோளில் தொங்கிய கொழுந்துக் கத்தரியை எடுத்தார். இருகைப் பிடியுள்ள நீண்ட கத்தரி. தம் வீட்டு இரப்பர்க் குழாயை முதலில் வெட்டினார். அடுத்த குழாயில் கத்தரியை வைத்து, "இது யாரோடது?" என்று கேட்டார். "என்னோடதுக்கா. வெட்டுங்க" என்று ஒரு குரல் வந்தது. ஒவ்வொன்றாக வெட்டினார். இரண்டு வீட்டார் மட்டும் இசையவில்லை. அவர்களுடைய குழாய்களை அன்று தொடவில்லை. "தெனம் வந்து கையக் காட்டுறேன். எத்தன நாளைக்குத்தான் வேணாம்பாங்க, பாப்போம்" என்றார். தோட்ட நிருவாகத்திடம் அக்குகைவாயை அடைக்கக் கேட்பதற்கு முனியாண்டியையே துணைக்கு இழுத்துச் சென்றார்.

ஐந்தாம் நாள் கலைவாணி வந்தாள். மலைவளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்து, இளவழகனின் தோளைப் பற்றியபடி மகிழுந்திலிருந்து இறங்கினாள். லயமே வாசலில் திரண்டிருந்தது. உறையில்லாத வெறுங்கைகளால் சரசுவதி அம்மையார் ஆலம் சுற்றினார். மகள் அக்கைகளைக் கண்டு திடுக்கிட்டாள்.

"அம்மா, கை என்னம்மா?"

"அப்புறம் சொல்றேன். மொதல்ல தண்ணி குடி."

வந்த பெண்ணுக்கு வாசலிலேயே தாய் தண்ணீர் தருவது அவ்வீட்டு வழக்கம். செம்பை வாயருகே கொண்டுபோன கலைவாணி முகத்தைச் சுளித்தாள். "என்னம்மா இது, குளோரின் நாத்தம் அடிக்குது. குழித்தண்ணி இல்லையா? ஈப்போவுலேர்ந்து அந்தத் தண்ணிய நெனச்சுக்கிட்டே வந்தேன்."

இளவழகன் என்னைப் பார்த்தான். நான் அம்மையாரைப் பார்த்தேன்.

அவர் மகளின் கையோடு சேர்த்துச் செம்பைப் பிடித்தார். நான் கொண்டுவந்த வளையல்கள் உள்ளே தட்டில் காத்திருந்தன.

"குடி" என்றார். "இங்க இனிமே நாறுற தண்ணிதான் நல்ல தண்ணி."

அவள் குடித்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.